செங்கற்சுவரை வரைதல்

வேலூரிலிருந்து மேற்கே ஆம்பூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை பாலாற்றின் போக்கை ஒட்டியே செல்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகக் கிடக்கும் அவ்வாற்றின் இரு மருங்கிலும் தென்னந்தோப்புகளும், சிற்றூர்களும், தோல் பதனிடும் தொழிற்கூடங்களும் மாறிமாறித் தோன்றுகின்றன. தொழிற்கூடங்களின் மதில்கள் நெடுந்தூரம் நீண்டு கிடக்கும். அவற்றுள் சில பூச்சுப் பூசப்பெற்றவை. சில பூச்சு உதிர்ந்து, உள்ளிருக்கும் செங்கல்லை வெளிக்காட்டி நிற்பவை. வேலூர்க் கோட்டையைக் காண வருவோர் அதன் கருங்கல் மதிலையும் அகழியையும் வியந்து நோக்குவர்; இச்செங்கல் மதில்களை எவரும் நின்று நோக்குவதில்லை. ஆயினும், ஓவியம் பயிலத் தொடங்கும் மாணவனுக்குக் கோட்டையைக் காட்டிலும் இம்மதில்களே நல்லாசிரியராக விளங்கத் தக்கவை.

'செங்கற்சுவர் ஒன்று வரைக' என்று வகுப்பில் கூறினால் பெரும்பாலான மாணவர் செய்வது யாது? அளவுகோலை எடுத்துக் கிடையாகப் பத்துக் கோடுகள் இழுப்பர். பின்னர் மேலிருந்து கீழாகப் பத்துக் கோடுகள் இழுப்பர். கட்டங்களுக்குச் செவ்வண்ணம் பூசிப் பணியை முடிப்பர். முடிந்தபின் அது மீன்வலையாகத் தோன்றும், கணக்கேடாகத் தோன்றும், சுவராக மட்டும் தோன்றாது. குறை கைத்திறனில் இல்லை. கோடுகள் நேராகவே இருக்கும். அவ்வாறு ஒரு சுவரை எந்தக் கொத்தனாரும் கட்டமாட்டார் என்பதே குறை. கட்டினாலும் அது நெடுநாள் நில்லாது.

காரணம் எளியது. செங்கல்லின்மேல் செங்கல்லை நேராக அடுக்கிக்கொண்டே போனால் சுவர் உண்டாவதில்லை. ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஒல்லியான தூண்களே உண்டாகும். அவற்றைப் பிணைப்பது இடையிலுள்ள சாந்து ஒன்றே. அடித்தளம் ஓரிடத்தில் சிறிது அமிழ்ந்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக விரிசல் ஓடிவிடும். ஆதலால், கீழ்வரியில் இரண்டு கற்கள் கூடும் இணைப்பின்மேல், மேல்வரியிலுள்ள ஒரு கல்லின் உடல் அமையுமாறு கொத்தனார் கல்லை வைக்கின்றார். மேற்கல் ஒன்று தன் சுமையைக் கீழ்க்கல் இரண்டிற்குப் பகிர்ந்தளிக்கின்றது. அவ்விரண்டும் தம் கீழுள்ள மூன்றிற்கு அளிக்கின்றன. இணைப்பின்மேல் இணைப்பு விழாமல் கட்டுதலே கொத்துவேலையின் முதற்பாடம். சுவரை வரைவோர்க்கும் அதுவே முதற்பாடம். கட்டும் முறையை அறியாதவன் கண்ணுக்குச் சுவரில் தெரிவன கட்டங்களே. அறிந்தவன் கண்ணுக்கோ தாங்குவதும் தாங்கப்படுவதும் தெரிகின்றன.

எனவே சுவரை வரையப் புகுமுன் ஒற்றைச் செங்கல்லை மேசைமேல் வைத்து வரைந்து பழகுதல் வேண்டும். 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவு. சூளைக்குச் சூளை இது சிறிது வேறுபடும். இந்திய அரசின் தர அளவைப்படி அறுக்கப்படும் கல் 19 செ.மீ. நீளமும், 9 செ.மீ. அகலமும், 9 செ.மீ. உயரமும் உடையது, சாந்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 20, 10, 10 எனச் சீராக வரும். எவ்வளவாயினும், நீளம் அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருத்தலைக் காணலாம். இது தற்செயலாக அமைந்ததன்று. இரண்டு கற்களைக் குறுக்காக அருகருகே வைத்து இடையில் சாந்து இட்டால், அவை நீளவாக்கில் வைத்த ஒரு கல்லுக்குச் சமமாக வேண்டும். அப்பொழுதுதான் நெடுக்கும் குறுக்குமாகக் கற்களை மாற்றி வைத்துச் சுவர் எழுப்ப இயலும். ஒரு கையால் எடுத்து வைக்கத்தக்க அகலம் என்பது மற்றொரு காரணம். மறுகையில் சாந்துக் கரணை இருக்குமன்றோ?

இவ்வுண்மையை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டான். சிந்துவெளி நாகரிகம் முதிர்ந்து விளங்கிய காலத்து நகரங்களின் சுட்ட செங்கற்களில் உயரம், அகலம், நீளம் ஆகியவை 1 : 2 : 4 என்னும் விகிதத்தில் அமைந்துள்ளன. 4000 ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணுள் கிடந்த அக்கற்கள் கெடாமல் இருந்தமையே அவற்றிற்குத் தீங்காக முடிந்தது. 19ஆம் நூற்றாண்டில் இலாகூருக்கும் முல்தானுக்கும் இடையே இருப்புப்பாதை அமைத்தோர், அரப்பாவின் செங்கற்களை வண்டி வண்டியாகப் பெயர்த்தெடுத்துத் தண்டவாளத்தின் அடியில் கொட்டினர். அவை எக்காலத்துக் கற்கள் என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

மேசைமேல் வைத்த செங்கல்லுக்கு ஆறு முகங்கள் உண்டு. ஒரே நேரத்தில் கண்ணுக்குப் புலப்படுவன மூன்றே. சாளரத்தின் வழியே ஒளி ஒரு பக்கமிருந்து விழுமாறு கல்லை வைத்தால், மேன்முகம் வெளிறியும், ஒரு பக்கம் நடுத்தரமாகவும், மற்றொரு பக்கம் இருண்டும் தோன்றும். இம்மூன்று நிறச்செறிவும் அமைந்துவிட்டால், விளிம்புகளில் கோடே இல்லாவிடினும் கல் தாளின்மேல் எழுந்து நிற்கும். தொடக்க நிலையினர் செய்யும் பிழை, நான்கு புறமும் அழுத்தமாகக் கோடிட்டு, உள்ளே ஒரே வண்ணத்தைப் பூசுவதாகும். அது கல்லாகாது, சிவந்த தீப்பெட்டியாகும். நாட்டுச் செங்கல்லின் விளிம்பு கத்தி முனைபோல் கூர்மையாக இருப்பதில்லை. மூலைகள் மழுங்கியிருக்கும், ஓரிடத்தில் சில்லு பெயர்ந்திருக்கும். அச்சிலிட்டு அறுத்த கல்லாயின், மேன்முகத்தில் ஆழமற்ற ஒரு குழியும், அதனுள் சூளைக்காரரின் பெயரெழுத்துகளும் காணப்படும். அக்குழி எழுத்துக்காக மட்டும் ஏற்பட்டதன்று. சாந்து அதனுட்புகுந்து பற்றிக்கொள்ளும் பொருட்டும் ஏற்பட்டது.

செங்கல்லின் நிறம் ஒன்றன்று. சூளையைக் கண்டவர்க்கு இது நன்கு விளங்கும். களிமண்ணை நீர்விட்டுக் குழைத்து, அச்சில் அறைந்து, தரையில் வரிசையாக உலரவிட்டபொழுது பச்சைக்கல் மண்ணின் நிறமே உடையது. உலர்ந்த கற்களை இடைவெளிவிட்டு அடுக்கி, விறகிட்டு எரிக்கும்பொழுது மண்ணிலுள்ள இரும்புச்சத்து வெப்பத்தால் சிவக்கின்றது. தீ எல்லாக் கற்களையும் ஒருபடித்தாகச் சென்று சேர்வதில்லை. அனல் குறைவாகப் பட்ட கல் வெளிறிய மஞ்சட்சிவப்பாக நிற்கும். நன்கு வெந்தது ஆழ்ந்த செம்மை பெறும். தீவாயை அடுத்திருந்தது கருஞ்சிவப்பாகி, சிலவிடத்துக் கண்ணாடிபோல் உருகியும் போகும். வெந்த கற்கள் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும்; வேகாத கல் மந்தமாக ஒலிக்கும். இவையெல்லாம் ஒரே வண்டியில் ஏறி, ஒரே சுவரில் கலந்து அமைகின்றன. ஆகவே சுவர் முழுவதற்கும் ஒரே சிவப்பைப் பூசுதல் உண்மைக்கு மாறானது. காவி நிறத்தை மெல்லியதாக எங்கும் பூசி, அது உலர்ந்தபின் இங்கொரு கல்லுக்குச் சற்றே மஞ்சளும், அங்கொரு கல்லுக்குச் சற்றே நீலங்கலந்த கருமையும் கூட்டினால் போதும். அடுத்தடுத்த கற்களை மாறிமாறிச் சதுரங்கப் பலகைபோல் ஆக்கிவிடலாகாது. சூளைத்தீ அவ்வளவு ஒழுங்காகப் பணியாற்றுவதில்லை.

இனிச் சுவருக்கு வருவோம். கொத்தனார் எவ்வரிசையில் கட்டுகின்றாரோ அவ்வரிசையிலேயே வரைதல் எளிது. அவர் முதலில் இரு மூலைகளையும் சிறிது உயர்த்தி, தூக்குக்குண்டால் செங்குத்தும் இரசமட்டத்தால் கிடைமட்டமும் பார்த்து, மூலைக்கு மூலை நூல் கட்டுகின்றார். வரைவோனுக்கும் நூல் வேண்டும். அழுத்தாத பென்சிற் கோடுகளே அவனுக்கு நூல். முதலில் கிடைக்கோடுகளை மட்டும் சம இடைவெளியில் இட்டு, ஒவ்வோர் இடைவெளியையும் ஒரு வரியாகக் கொள்ளவேண்டும். பின்னர் அடிவரியில், உயரத்தைப்போல் மூன்று மடங்கு நீளத்தில் கல்லின் முனைகளைக் குறிக்கவேண்டும். இரண்டாம் வரியில் ஒவ்வொரு கல்லின் நடுவிற்கு நேராக இணைப்பைக் குறிக்கவேண்டும். மூன்றாம் வரி முதல் வரியை ஒத்தது. நான்காம் வரி இரண்டாம் வரியை ஒத்தது. ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளில் இணைப்புகள் நேருக்கு நேராக வருதலால், மெல்லிய செங்குத்துக் கோடுகள் சிலவற்றை வழிகாட்டியாக இட்டுப் பின்னர் அழித்துவிடலாம்.

இவ்வாறு எல்லாக் கற்களும் நீளவாக்கில் தோன்றுவது, ஒரு கல்லின் அகலமே கனமாகவுள்ள மெல்லிய சுவரில்தான். வீட்டின் வெளிச்சுவர்கள் பெரும்பாலும் 9 அங்குலக் கனம் உடையவை. அவற்றில் முன்னும் பின்னுமாக இரு கல் அடுக்குகள் இருத்தலால், அவை ஒன்றைவிட்டொன்று பிரிந்து போகாமல் குறுக்குக் கற்கள் கட்டிப் பிடிக்கவேண்டும். ஆகவே ஒரு வரி முழுதும் நெடுக்குக் கற்களாகவும், அடுத்த வரி முழுதும் குறுக்குக் கற்களாகவும் கட்டுவர். ஆங்கிலக் கட்டு என்று பொறியியலார் இதனைக் கூறுவர். வெளியே நின்று காண்போர்க்கு ஒரு வரியில் நீண்ட முகங்களும், மறுவரியில் ஏறத்தாழ அதிற்பாதியளவான குறுமுகங்களும் தெரியும். மூலையை உற்று நோக்கினால் மற்றொரு நயம் புலப்படும். இப்பக்கத்துச் சுவரில் நீண்ட முகம் காட்டும் மூலைக்கல், அப்பக்கத்துச் சுவரில் குறுமுகமே காட்டும். கல் ஒன்றுதான், அதன் இரு முகங்களே இரு சுவர்களிலும் தெரிகின்றன. மூலைக்கு அடுத்து, நீளவாக்கில் பிளந்த ஒரு சிறு துண்டையும் காணலாம். அத்துண்டு இல்லாவிடின் இணைப்பின்மேல் இணைப்பு விழுந்துவிடும். ஒருவன் சுவரைப் பார்த்து வரைந்தானா, நினைத்துக்கொண்டு வரைந்தானா என்பதை அவன் படத்தின் மூலையைக் கண்டே கூறிவிடலாம்.

சில சுவர்களில் இடையிடையே கல்லை விட்டுவிட்டுத் துளைகள் அமையக் கட்டியிருப்பர். காற்றும் ஒளியும் உள்ளே செல்ல, மழைச்சாரல் மட்டும் பெரிதும் தடைப்படும். பொருள்களைக் காற்றாட உலர்த்தும் கொட்டகைகளுக்கு இத்தகைய சுவர் ஏற்றது. கேரளத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, 2007ஆம் ஆண்டில் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக்கலைஞர் இத்துளைச்சுவரைப் பூச்சின்றி எழிலுற அமைப்பதில் பெயர்பெற்றவர். கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையையும் அவர் பரப்பினார். அதனால் கற்செலவு நாலில் ஒரு பங்களவு குறையும். எளிய மக்கள் தாமே வீடு கட்டிக்கொள்ளும் பொருட்டு அவர் எழுதிய சிறு நூல்களில், கல்லை வைக்கும் முறைகளைத் தம் கையாலேயே படமாக வரைந்து காட்டினார். துளைச்சுவரை வரையும்பொழுது துளையைக் கருமைப்படுத்திவிட்டால் போதாது. துளையின் உட்பக்கத்தில் கல்லின் கனம் சிறிது தெரியும். அதன்மீது ஒளி படும். அந்த ஒரு கீற்றே துளையைக் கறையினின்று வேறுபடுத்துவது.

நேர்முகமாக நின்று சுவரை வரைவதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. சாலையோரம் நின்று நீண்ட மதிலைப் பக்கவாட்டில் நோக்குவோனுக்கே சிக்கல் தொடங்குகின்றது. கற்கள் தொலைவு செல்லச் செல்லச் சிறுத்துக்கொண்டே போகின்றன. வரிகள் கிடையாக இருப்பதை மனம் அறியும். கண்ணோ அவற்றைச் சாய்வாகக் காண்கின்றது. மனம் கூறுவதைக் கேளாமல் கண் கூறுவதைக் கேட்டல் வேண்டும். கண்ணின் மட்டத்திற்கு மேலுள்ள வரிகள் தொலைவு நோக்கிக் கீழிறங்கும், கீழுள்ளவை மேலேறும், கண்மட்டத்திலுள்ள ஒரு வரி மட்டும் சாயாமல் செல்லும். எல்லாம் கண்மட்டத்தில் ஒரே புள்ளியில் சென்று மறையும். இதனைச் செங்கற்சுவர் காட்டுவதுபோல் வேறு எப்பொருளும் தெளிவாகக் காட்டாது. மாணவன் ஒருவன் நின்று நோக்கியபின் அமர்ந்து நோக்கினால், சாயாத வரி அவனோடு கூடவே கீழிறங்கி வருவதைத் தானே காண்பான்.

கற்கள் எவ்வளவு சிறுக்கின்றன என்பதை ஊகித்துக் குறிக்கவேண்டுவதில்லை. சாய்ந்து செல்லும் சுவரின் ஒரு பகுதியை நாற்கோணமாக வரைந்து, எதிரெதிர் மூலைகளைக் கோடுகளால் இணைக்கவேண்டும். அக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே தொலைவுத் தோற்றத்தில் அப்பகுதியின் நடு. அளவுகோலால் அளந்தால் அது நடுவாக இராது. அருகிலுள்ள பாதி பெரிதாகவும் தொலைவிலுள்ள பாதி சிறிதாகவும் இருக்கும். அதுவே முறை. ஒவ்வொரு பாதியையும் மீண்டும் அவ்வாறே பிரித்துக்கொண்டு போகலாம்.

இத்தொலைவுத் தோற்ற விதியை 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்துகாட்டி நிறுவியவர் இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரத்துப் புரூனெல்லெசுக்கி என்பவர். அந்நகரத்துப் பெருங்கோயிலின் குவிமாடத்தைக் கட்டியவரும் அவரே. 1420இல் தொடங்கி 1436இல் நிறைவெய்திய அம்மாடத்தில் ஏறத்தாழ 40 இலட்சம் செங்கற்கள் உள்ளன. கட்டும்பொழுது கல் சரியாமல் இருத்தற்பொருட்டு, கிடைவரிகளுக்கிடையே செங்குத்தாக நிறுத்திய கற்களைச் சுருள்போல் ஏறிச் செல்லுமாறு அவர் அமைத்தார். வரைவுக்கு விதி கண்டவர் செங்கல்லோடு பழகியவராக இருந்தது வியப்பன்று. சென்னையிலும் அத்தகைய தொடர்பு ஒன்று உண்டு. 1850ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் அன்டர் என்னும் மருத்துவர் நிறுவிய ஓவியப்பள்ளிக்குப் பின்னாளில் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர் இராபர்ட்டு சிசோம். கடற்கரையில் இன்றும் நிற்கும் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தை வடிவமைத்தவர் அவர்.

தொலைவுத் தோற்றத்தைப் பயின்றபின் வேறொன்றை விடக் கற்கவேண்டும். அது, எல்லாக் கற்களையும் வரைவதை. நூறு கற்களையும் ஒருபடித்தாக வரைந்த படம் கண்ணைச் சோர்வடையச் செய்யும். வெயிலில் சுடரும் சுவரில் இணைப்புகள் மங்கித் தோன்றும். நிழல் தொடங்கும் இடத்திலும், ஓரங்களிலும், பூச்சு உதிர்ந்த இடங்களிலுமே அவை துலங்கும். அவ்விடங்களில் ஐந்தாறு கற்களைத் தெளிவாக வரைந்து, ஏனையவற்றை இரண்டொரு கீற்றால் குறிப்பிட்டுவிட்டால், காண்போரின் கண் மிகுதியைத் தானே கட்டிக்கொள்ளும். இணைப்பையும் கருங்கோடாக இடுதல் கூடாது. பழைய கட்டடங்களில் சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட வெளுத்திருக்கும். அது கோடன்று, அரை அங்குலம் வரையில் அகலமுள்ள பட்டை. சாந்து சிறிது உள்வாங்கியிருப்பின், மேற்கல்லின் அடிவிளிம்பு அதன்மேல் மெல்லிய நிழலை வீழ்த்தும். கீழ்க்கல்லின் மேல்விளிம்பு ஒளி பெறும். கல்லின் கீழ்க்கோட்டைச் சற்றே அழுத்தி, மேற்கோட்டை விட்டுவிட்டால் இத்தோற்றம் வந்துவிடும்.

பாலாற்றங்கரைச் சுவர்களைப் பார்த்து வரைவோர் மற்றொன்றையும் காண்பர். தரையிலிருந்து முழங்காலளவு, சிலவிடத்து இடுப்பளவு உயரம் வரை, சுவரில் வெண்பொடி பூத்திருக்கும். பூச்சு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்திருக்கும்; கல்லின் முகமும் மாவுபோல் உதிரும். இதனை உப்புப் பூத்தல் என்பர். செங்கல் நுண்துளைகள் நிறைந்தது; விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல் அது நிலத்து நீரை மேலே ஈர்க்கின்றது. நீரோடு கரைந்த உப்பும் ஏறுகின்றது. வெயிலில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் படிகமாகித் தங்குகின்றது. துளைகளுக்குள் படிகம் வளருந்தோறும் கல்லின் முகத்தை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகின்றது. கல்லறுத்த மண்ணிலேயே உப்பு இருந்து பூப்பதும் உண்டு.

இந்நிலப்பகுதியில் உப்பிற்கு வேறொரு வரலாறும் இருக்கின்றது. உரித்த தோல் அழுகாமல் இருக்க அதில் உப்பிட்டு வைப்பர். பதனிடும்பொழுது முதலில் அவ்வுப்பை உதறியும் கழுவியும் நீக்குவர். கழுவிய நீர் நெடுங்காலம் நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டது. கிணறுகள் உவர்த்தன, வயல்கள் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகத்து மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதனைத் தீர்க்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. பல தொழிற்கூடங்களின் கழிவுநீரை ஓரிடத்தில் சேர்த்துத் தூய்மையாக்கும் பொது நிலையங்கள் இப்பகுதியில் இயங்குகின்றன. எனினும், கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் நீக்க இயலாது. அதற்குச் செலவு மிக்க வேறு முறைகள் வேண்டும். நிலத்தில் முன்னரே இறங்கிய உப்போ எளிதில் வெளியேறுவதில்லை. அத்தகைய நிலத்தின்மேல் நிற்கும் சுவர் ஆண்டுதோறும் அதனை உறிஞ்சி வெளிக்காட்டிக் கொண்டேயிருக்கும்.

சுவரை அழகாக வரையவேண்டும் என்று கருதும் மாணவன் இவ்வெண்பகுதியை விட்டுவிட்டு, அடிவரை ஒரே செம்மையாகத் தீட்டிவிடுவான். பார்த்ததை வரைய எண்ணுபவன் அதனையும் வரைவான். அதற்கு வெள்ளை வண்ணம் தேவையில்லை. தாளின் வெண்மையையே ஆங்காங்கு பூசாமல் விட்டுவிடலாம். அவ்வெண்மையின் மேலெல்லை நேர்க்கோடாக இராது. அலைபோல் ஏறி இறங்கும். அவ்வெல்லைக்குக் கீழே ஈரம் தங்கிய கற்கள் மேலுள்ளவற்றைவிடக் கறுத்துத் தோன்றும். கல்லின் முகம் உதிர்ந்து உள்வாங்க, சிலவிடத்துச் சாந்துப் பட்டை மட்டும் முன்னே துருத்தி நிற்கும். அங்கே நிழல் விழும் முறையும் மாறிவிடும். இணைப்பில் விழுந்த நிழல் இப்பொழுது கல்லின்மேல் விழும். அடிச்சுவரின் அந்த ஒரு முழ உயரத்தை வரைவதற்கு, மேலுள்ள சுவர் முழுவதையும் வரைய ஆகும் நேரத்தைவிட மிகுதியாகவே ஆகும்.